1/48 மிக்-21க்கு ரெசின் காக்பிட்: எதைச் சுரண்டுவது, எவ்வளவு சுரண்டுவது?

தகடூர்48 (தருமபுரி)

எல்லோருக்கும் வணக்கம். எடுவார்ட் கம்பெனியின் 1/48 (நிஜத்தில் 48ல் ஒரு பங்கு) மிக்-21பிஸ் போர்விமானப் பிளாஸ்டிக் மாடல் கிட்டும், அதற்கென்றே வந்த ரெசின் காக்பிட் செட்டும் மேசைக்கு வந்தாச்சு. நம்ம விமானப்படையின் டைப் 75 (பிஸ்ஸுக்கு நம்ம படை வைத்த பெயர்) ஆகச் செய்து கேனோபியை (பைலட் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடி) திறந்தே வைக்க எண்ணம். செட்டில் டப் (காக்பிட் தொட்டி), இரண்டு பக்கச் சுவர், பின்சுவர், கேஎம்-1 இருக்கை, டயல்கள் இருக்கும் பேனலுக்கு மேல் வரும் ஹூட் (மறைப்பு), ஃபோட்டோ எட்ச் (அரித்து வெட்டிய மெல்லிய உலோக) தகடு ஒன்று, டயல் அச்சடித்த ஃபிலிம் ஒன்று இருக்கு.

கேஸ்டிங் பிளாக் (பாகத்தோடு சேர்ந்தே வார்ப்பில் வரும் ரெசின் கட்டை) எதையும் இன்னும் அறுக்கவில்லை. டப்பை உள்ளே வைத்து ஃபியூஸ்லேஜ் (விமான உடல்) பாதிகளைச் சேர்த்துப் பார்த்தால் முதுகுப் பக்கம் இரண்டு மி.மீ. பிளந்து நிற்கிறது. எதைச் சுரண்டணும், ரெசினையா பிளாஸ்டிக்கையா? எவ்வளவு வரை போகலாம்? எந்தப் பசை?

ஓசூர்_ரிவெட் (ஓசூர்)

தம்பி, பிளாக்கோடு வைத்துப் பார்த்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காதீங்க. மிக்-21ல் காக்பிட்டுக்கு நேர் கீழே முன்சக்கரக் குழி. டப்பின் அடியில் பிளாக் இருக்கும்வரை அது குழியின் கூரையில் முட்டி உட்கார்ந்திருக்கும். பாதிகள் மூடவே மூடாது. பிளாக் போன பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான சண்டை.

முதலில் கழுவுங்க. சிலிக்கான் அச்சிலிருந்து கழற்ற உதவும் எண்ணெய்ப் பசை ரெசின் மேல் ஒட்டியிருக்கும், அது இருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) டேப்போடு உரிஞ்சு வரும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, பழைய டூத்பிரஷ். பாகங்கள் பிளாக்கோடு இருக்கும்போதே கழுவிடணும். அறுத்த பிறகு கழுவினால் கன்ட்ரோல் ஸ்டிக் மாதிரி பொடிகள் சாக்கடைக்குப் போயிடும். கீழே டீ வடிகட்டி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

அறுக்க ரேசர் சா. எக்ஸாக்டோ, தமியா எதுவானாலும் அலகு மெல்லிசா இருக்கணும். ஆக்ஸா பிளேடு வேண்டவே வேண்டாம். அதன் வெட்டு ஒரு மி.மீ. அகலம் போகும், பாகத்தையும் சேர்த்துத் தின்னும். பாகமும் பிளாக்கும் சேரும் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோட்டுக்கு அரை மி.மீ. பிளாக் பக்கமாகவே அறுங்க. ஒரே பக்கமிருந்து முழுக்க அறுத்தால் சா சரிந்து மறுபக்கம் பாகத்துக்குள் புகுந்துடும். நாலு பக்கமும் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமா கோடு ஆழமாக்கி நடுவில் சந்திக்க விடணும்.

மிச்ச அரை மி.மீ.யை கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய 320 எமரியில் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுக்கலாம். எட்டு போடுற மாதிரி தேய்த்து, பத்து தேய்ப்புக்கு ஒருமுறை பாகத்தைக் கையில் திருப்பிப் பிடிங்க. ஒரே பிடியில் தேய்த்தால் விரல் அழுத்தம் உள்ள பக்கம் அதிகம் போய் டப் கோணலாகும்.

காவேரி_பிரஷ் (காவேரிப்பட்டணம்)

அண்ணன் "தண்ணீர் விட்டு" என்று சொன்னதை அடிக்கோடு போட்டுக்குங்க. பாலியூரித்தேன் ரெசின் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்கு ஆகாது. காய்ந்த நிலையில் தேய்த்தால் அறை முழுக்க மிதக்கும், ஃபேன் போட்டால் இன்னும் மோசம். என்95 மாஸ்க், ஈரத் தேய்ப்பு, முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைப்பது மூன்றும் கட்டாயம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடாது.

ரேசர் சா கிடைக்கவில்லை என்றால் சின்ன பாகங்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் விற்கும் சர்ஜிகல் பிளேடு போதும். மூன்றாம் நம்பர் கைப்பிடி ஒன்று வாங்கினால் 10, 11, 15 மூன்று பிளேடும் அதில் ஏறும். முனை கூரான 11 வெட்டுவதற்கு. வளைந்த 10, 15 இரண்டும் உள்சுவர் சுரண்டுவதற்கு அவ்வளவு தோதா இருக்கும். தருமபுரியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்ஜிகல் சாமான் கடையில் கேட்டுப் பாருங்க.

ஓசூர்_ரிவெட்

இப்போ முக்கியமான கேள்வி. விதி இதுதான்: முதலில் கிட்டின் பிளாஸ்டிக், அதன்பின் ரெசினின் வெளிப்பக்கம். ரெசினின் உள்பக்கத்தைத் தொடவே கூடாது, காசு கொடுத்து வாங்கிய வேலைப்பாடு அங்கேதான் இருக்கு.

கிட்டில் காக்பிட் பக்கச் சுவரில் அச்சாகி வந்திருக்கும் கன்சோல் மேடு, விட்டம், நெம்புகோல் எல்லாவற்றையும் சுவர் மட்டத்துக்குக் கொண்டுவாங்க. பிறகு சுவரையே மெல்லிசாக்கணும். வழக்கமா இந்தச் சுவர் ஒரு மி.மீ.க்கு மேல் இருக்கும், அரை மி.மீ. வரை தைரியமா இறங்கலாம். அளக்கக் கருவி தேவையில்லை. உள்ளே செல்போன் டார்ச்சை வைத்து வெளியே பாருங்க. சாம்பல் பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் மங்கலா சிவந்து தெரிந்தால் போதும். பளிச்சுன்னு தெரிந்தால் அங்கேயே நிறுத்தணும், அடுத்த சுரண்டலில் ஓட்டை.

கேனோபி உட்காரும் விளிம்பு, அதாவது சில், அதைத் தனியா பார்க்கணும். ரெசின் பக்கச் சுவரின் மேல் விளிம்பும் கிட்டின் சில்லும் சந்திக்கும் கோடு கேனோபி திறந்திருந்தால் கண்ணுக்கு நேரே நிற்கும். சுவரைச் சில் வரைக்கும் ஒரே மெலிசா இழுத்துவிட்டால் விளிம்பு கத்தி முனை மாதிரி ஆகி, கேனோபியைப் பொருத்தும்போது உடையும். சில்லுக்குக் கீழே ஒரு மி.மீ. விட்டுவிட்டு அங்கிருந்து ஆரம்பிங்க.

மிக்-21ல் கூடுதலா இரண்டு இடம் முட்டும். ஒன்று, சொன்னேனே, முன்சக்கரக் குழியின் கூரை. டப்பின் அடியையும் கூரையின் மேல்பக்கத்தையும் இரண்டையுமே தேய்க்கணும். ஒன்றை மட்டும் தேய்த்துச் சமாளிக்கப் பார்த்தால் ஓட்டை விழும். இரண்டாவது, பின்சுவர். அதன் பின்பக்கக் கட்டை சில சமயம் முதுகெலும்பின் உள்வளைவில் முட்டி டப்பை முன்னால் தள்ளும். டப் அரை மி.மீ. முன்னால் போனால் பேனல் ஹூட் விண்ட்ஸ்கிரீன் கண்ணாடிக்குள் இடிக்கும். இதை எல்லாம் ஒட்டிய பிறகு கண்டுபிடிப்பது வீண். அதனால் டிரை ஃபிட் (பசை இல்லாமல் பொருத்திப் பார்ப்பது) செய்யும்போதெல்லாம் விண்ட்ஸ்கிரீனையும் எடுத்து மேலே வைத்துப் பாருங்க.

தகடூர்48

நன்றி அண்ணா. டிரில் மாதிரி கையில் பிடிக்கும் ரோட்டரி டூல் ஒன்று இருக்கு. அதை ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பர்ரில் (சுழலும் வெட்டுமுனை) ஒட்டிக்குது. வேகத்தைக் கூட்டணுமா?

கெலமங்கலம்_டூல்ரூம் (கெலமங்கலம்)

குறைக்கணும். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிடும். பல மலிவு டூல்களின் குறைந்தபட்ச வேகமே நிமிஷத்துக்கு 8,000, 10,000 சுற்று என்று இருக்கும், இந்த வேலைக்கு அதுவே அதிகம். 5,000க்குக் கீழே ஓடும் டூல் வேணும். இல்லாவிட்டால் மணற்காகித டிரம்மை விட்டுட்டு, பல் இடைவெளி அகலமான உருண்டை கார்பைட் பர்ர் போடுங்க. இரண்டு நொடி தொட்டு எடுங்க, இரண்டு நொடி ஆற விடுங்க. பர்ர் பல்லில் பிளாஸ்டிக் படிந்ததும் பித்தளைப் பிரஷால் துடைக்கணும், படிந்த பர்ர் வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று கவனிங்க. சூட்டில் உருகிய சுவர் வெளிப்பக்கம் லேசா உப்பும். பேனல் லைன், ரிவெட் எல்லாம் அங்கே இருப்பதால் அதைத் திருத்தவே முடியாது. கடைசி 0.3 மி.மீ.யை மெஷினில் எடுக்காமல் பிளேடைச் செங்குத்தா பிடித்துச் சுரண்டி எடுங்க. நேரம் பிடிக்கும், ஆனால் சுருள் சுருளா வரும் செதிலைப் பார்த்தே எவ்வளவு போயிருக்கு என்று கைக்குத் தெரியும்.

ரெசின் அப்படி உருகாது, தூளா போகும். டப்பின் அடியை மெஷினில் எடுக்கலாம், ஆனால் காவேரி சொன்ன மாஸ்க் அங்கேதான் ரொம்ப அவசியம்.

பாலக்கோடு_72 (பாலக்கோடு)

மாற்றுக் கருத்து ஒன்று வைக்கிறேன். இத்தனை சுரண்டல் எதுக்கு? எடுவார்ட் மிக்-21 கிட்டின் சொந்த காக்பிட்டே நன்றா இருக்கு. அதன் மேல் குவின்டா கம்பெனி விற்பது மாதிரி முப்பரிமாண அச்சு டெக்கால் ஒட்டினால் பேனல், கன்சோல், பெல்ட் எல்லாம் வண்ணத்தோடு வந்துடுது. தண்ணீரில் ஊறவைத்து, அடியில் கொஞ்சம் ஃபெவிகால் தடவி உட்கார வைத்தால் வேலை முடிஞ்சது. சுவரைத் தொட வேண்டியதில்லை, தூளும் இல்லை. ரெசின் செட்டுக்குக் கொடுக்கும் விலைக்கும் அதற்கு மேல் விழும் கஸ்டம்ஸுக்கும் இன்னொரு சின்ன கிட்டே வாங்கலாம்.

1/72ல் நான் யாருக்கும் ரெசின் டப் சொல்வதே இல்லை. கேனோபி மூடினால் தெரிவது இருக்கையின் தலைப்பகுதியும் ஹூட்டும்தான். இருக்கை மட்டும் ரெசினில் வாங்கிப் போட்டால் முக்கால்வாசி பலன் கிடைச்சிடும்.

காவேரி_பிரஷ்

1/72க்கு ஒத்துக்கறேன். 1/48ல் திறந்த கேனோபிக்கு ஒத்துக்க மாட்டேன். முப்பரிமாண டெக்கால் தட்டையான பரப்புக்கு அழகு. ஆனால் பக்கச் சுவரில் தொங்கும் குழாய், கன்சோலுக்கும் சுவருக்கும் நடுவே விழும் ஆழமான நிழல், இதெல்லாம் வார்ப்பில்தான் வரும். வெளிச்சம் மேலிருந்து விழும்போது அந்த ஆழம் தெரியும். தவிர அந்த டெக்கால் வண்ணம் அச்சில் வந்த வண்ணம், அதைச் சுற்றி நாம் அடிக்கும் நீலப்பச்சையோடு பொருந்தாமல் போனால் ஒட்டுப் போட்ட மாதிரி தனியா நிற்கும்.

இரண்டையும் சேர்ப்பதும் உண்டு: ரெசின் டப்பும் இருக்கையும், பேனலுக்கு மட்டும் டெக்கால். இந்தச் செட்டில் ஃபிலிம் இருப்பதால் தகடூர் தம்பிக்கு அது தேவைப்படாது.

ஓசூர்_ரிவெட்

பாலக்கோடு சொல்வதில் நியாயம் இருக்கு, இருக்கை விஷயத்தில் முழு நியாயம். மிக்-21ல் பார்ப்பவர் கண் முதலில் போவது கேஎம்-1 மேலதான்.

இப்போ வரும் பல செட்டுகள் வார்ப்பு ரெசினே இல்லை, பிரிண்டரில் எடுத்தவை என்பதையும் சொல்லிடணும். பாகத்தைச் சுற்றி மெல்லிய கம்பித் தூண்கள் நின்றால் அது பிரிண்ட். அதைச் சாவால் அறுக்காதீங்க, அதிர்ச்சியில் பாகம் உடையும். தூணின் நடுவில் நிப்பரால் ஒவ்வொன்றா வெட்டி, அடிமுளையைப் பிறகு தேய்க்கணும். வார்ப்பு ரெசினைவிடப் பிரிண்ட் ரெசின் நொறுங்கும் தன்மை கூடுதல், ஆனால் காற்றுக்குமிழி ஓட்டை வராது.

தகடூர்48

என்னுடையது வார்ப்புதான். பக்கச் சுவர் ஒன்று லேசா வளைந்திருக்கு. டப் மூலையில் குண்டூசித் தலை அளவு இரண்டு ஓட்டை.

ஓசூர்_ரிவெட்

வளைவுக்குச் சூடான தண்ணீர். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். பாகத்தை அரை நிமிஷம் மூழ்க வைத்தால் ரப்பர் மாதிரி ஆகும், கண்ணாடி மேல் அழுத்திப் பிடித்து அப்படியே பச்சைத் தண்ணீரில் விட்டால் நேராகி நின்னுடும். இதே காரணத்தால்தான் பார்சலைச் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடக்கூடாது. தருமபுரி வெயிலுக்குப் பூட்டிய கார் உள்ளே வரும் சூடு, கன்ட்ரோல் ஸ்டிக்கை வளைக்கப் போதும்.

ஓட்டைக்கு ஃபெவிக்விக்கோடு முகப்பவுடர் கலந்த குழைவு. சமையல் சோடாவும் ஃபெவிக்விக்கும் சேர்ந்தால் நொடியில் இறுகும், ஆனால் கல்லாகிடும். சுற்றியுள்ள ரெசின் தேயும், அது தேயாது, மேடு நிற்கும். பவுடர் கலவை ரெசினோடு சமமா தேயும். கலந்து வைத்து ஒரு மணி நேரத்துக்குள்ள தேய்ச்சிடுங்க, மறுநாள் இன்னும் கெட்டியாயிடும்.

காவேரி_பிரஷ்

வண்ணத்துக்கு வருவோம். டிரை ஃபிட் முழுக்க முடிந்த பிறகுதான் வண்ணம். அடித்துவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தால் இரண்டு முறை வேலை.

ரெசினில் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் நேரா பிடிக்காது. லாக்கர் பிரைமர், மிஸ்டர் சர்ஃபேசர் 1500, மெலிசா இரண்டு கோட். பிறகு ரஷ்ய நீலப்பச்சை. இந்த நிறத்துக்குத் தயார் பெயின்ட் பாட்டில்கள் பல கம்பெனியில் இருக்கு. ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும், நிஜ விமானங்களிலேயே தயாரித்த காலமும் வெயிலும் பொறுத்து மாறியிருக்கு. நம்ம விமானத்தின் வண்ணப் புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்க.

கறுப்புப் பெட்டிகளுக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். தமியா எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக், அல்லது எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக். சுத்தக் கறுப்பு அடித்தால் அதற்கு மேல் நிழல் காட்ட இடமே இல்லாமல் போகும். பளபளப்பு கோட், பிறகு ஆயில் பெயின்டில் பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) கறுப்பும் கலந்த வாஷ் (குழிகளில் தேங்கும் தண்ணியான வண்ணம்), காய்ந்ததும் மேட் கோட், கடைசியா விளிம்புகளில் வெளிர் நிறத்தில் டிரை பிரஷ் (வண்ணம் துடைத்த, ஏறக்குறைய காய்ந்த பிரஷால் தேய்ப்பது). வரிசை மாறினால் வாஷ் எல்லா இடமும் பரவி அழுக்குப் பிடிச்ச மாதிரி ஆகிடும்.

பேனல் மூன்று அடுக்கு: முன்னால் எட்ச் தகடு, நடுவில் ஃபிலிம், பின்னால் ரெசின். ஃபிலிமில் கறுப்பு மட்டும் அச்சாகியிருக்கும், எண்களும் முள்ளும் கண்ணாடியாகத் தெரியும். ஃபிலிமின் பின்பக்கம் எக்ஸ்எஃப்-2 வெள்ளை அடித்தால்தான் அவை வெள்ளையா எழும். அடுக்குகளை ஒட்ட தமியா எக்ஸ்-22 கிளியர் (நிறமில்லாப் பளபளப்புப் பூச்சு) போதும். சூப்பர் க்ளூ அங்கே போனால் ஃபிலிம் பனி படர்ந்து குருடாகும். ஒவ்வொரு டயல் குழியிலும் எக்ஸ்-22 ஒரு சொட்டு, பல் குத்தும் குச்சி முனையில் எடுத்து வையுங்க. காய்ந்ததும் கண்ணாடி.

மிக்-21 பேனலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. விமானம் சுழலில் மாட்டினால் பைலட் ஸ்டிக்கை நட்டநடுவுக்குக் கொண்டுவர அடையாளம் அது. செட் வழிகாட்டித் தாளில் அது விட்டுப்போயிருந்தாலும் மறக்காதீங்க. மெல்லிய வெள்ளை டெக்கால் கீற்று வைத்தால் பிரஷைவிட நேரா வரும்.

பாலக்கோடு_72

வகையைப் பற்றி ஒன்று. டைப் 75 என்று தம்பி சொல்வது பழைய பிஸ்ஸா, பைசனா என்று முதலில் முடிவு செய்யணும். பைசன் தரமுயர்த்தலில் காக்பிட்டே மாறிடுச்சு: பேனலில் மல்டிஃபங்ஷன் திரை, புது ஹெட்-அப் டிஸ்ப்ளே, சட்டம் இல்லாத ஒற்றைக் கண்ணாடி விண்ட்ஸ்கிரீன். 2025 செப்டம்பர் 26 சண்டிகரில் விடைபெற்றது பைசன். அதைச் செய்ய இந்தச் செட் உதவாது. சோவியத் பாணிக் கடிகாரங்கள் நிறைந்த இந்தச் செட்டுக்குத் தரமுயர்த்தலுக்கு முந்தைய பிஸ்தான் சரி.

டைப் 96 எம் செய்பவர்களுக்கும் கேஎம்-1 இருக்கைதான். டைப் 77 எஃப்எல் வேறு ஜாதி: கேனோபி முன்பக்கக் கீலில் மொத்தமா தூக்கும், இருக்கையும் எஸ்கே. எம், பிஸ் இரண்டிலும் கேனோபி பைலட்டின் வலப்பக்கம் சாயும். இடப்பக்கம் திறந்து ஒட்டி வைத்த மாடல்களை நிறையவே பார்க்க முடியுது.

தகடூர்48

பழைய பிஸ்தான், சட்டம் வைத்த விண்ட்ஸ்கிரீன். பசை பற்றி யாராவது சொல்லுங்க. பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினில் பிடிக்காது என்று தெரியும்.

கெலமங்கலம்_டூல்ரூம்

பிடிக்காது. பிளாஸ்டிக் சிமெண்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும், ரெசின் அதில் கரையாது.

பக்கச் சுவர், இருக்கை, சின்ன பாகம்: சூப்பர் க்ளூ. கடையில் கிடைக்கும் ஃபெவிக்விக் தண்ணியா ஓடும், நேரா பிழியாதீங்க. பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, இன்சுலின் ஊசி முனையால் தொட்டு வையுங்க. டப்பை ஃபியூஸ்லேஜில் ஒட்ட மட்டும் ஐந்து நிமிஷ எபாக்ஸி. இரண்டு காரணம். சூப்பர் க்ளூ பட்டதும் பிடிச்சிடும், டப் அரை மி.மீ. கோணலா உட்கார்ந்தால் திருத்த நேரம் தராது. அடுத்து, அந்த ஒட்டு இழுவையைத் தாங்கும், பக்கவாட்டு அதிர்ச்சியைத் தாங்காது. பாதிகளை ஒட்டி இறுக்கும்போது டக்குன்னு விட்டுடும். அரால்டைட் ஐந்து நிமிஷ வகையில் இரு டியூபும் சம அளவு, ஒரு நிமிஷம் நல்லா கலக்கி, ஒரு பாதியில் மட்டும் ஒட்டுங்க. மறுபாதியை டேப் போட்டுச் சேர்த்து வைத்தே எபாக்ஸி இறுக விடணும். அப்போதான் டப் இரு பக்கத்துக்கும் நடுவில் தானே இடம் பிடிக்கும்.

ஒட்டும் இரு பரப்பையும் 400 எமரியால் கீறிவிட்டு ஒட்டுங்க. பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்ட்தான் ஒட்டும், ரெசின் இல்லை.

ஓசூர்_ரிவெட்

ஓசூர்க்காரர்களுக்கு ஒன்று: மழைக்காலத்தில் இங்கே காற்றில் ஈரம் அதிகம், சூப்பர் க்ளூ சட்டென்று பிடிக்கும், வெள்ளைப் புகையும் அதிகம் படியும். அந்த ஆவி மூடிய இடத்தில் தேங்கினால் கேனோபி உள்பக்கம் பால் மாதிரி ஆகிடும். கடைசி சூப்பர் க்ளூ வைத்து ஒரு முழு நாள் காற்றாட விட்டுத்தான் விண்ட்ஸ்கிரீன். கண்ணாடி பாகத்தை முன்கூட்டியே எக்ஸ்-22ல் முக்கி, தூசி படாமல் டப்பாவில் மூடிக் காயவைத்தால் கூடுதல் பாதுகாப்பு. விண்ட்ஸ்கிரீனை ஒட்ட ஃபெவிகால் வகைப் பசை போதும்.

சுருக்கம் பற்றியும் சொல்லணும். வார்ப்பு ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் சில செட்டுகளில் எல்லாம் சுரண்டி முடித்த பின் சில்லுக்கும் ரெசின் சுவருக்கும் நடுவில் மயிரிழை சந்து தெரியும். புட்டி வேண்டாம், தேய்க்கப் போனால் பக்கத்து வேலைப்பாடு போகும். 0.25 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் கீற்று வெட்டிச் செருகுங்க.

தகடூர்48

பிளாக் அறுத்து, சுவர் சுரண்டி, குழிக் கூரையும் தேய்ச்சாச்சு. டேப் போட்டால் பாதிகள் இப்போ முழுசா மூடுது, விண்ட்ஸ்கிரீனும் ஹூட் மேல் முட்டாமல் உட்காருது. ஒரே சந்தேகம்: மூக்குப் பக்கம் எடை வைக்கணுமா? டப் எல்லா இடத்தையும் அடைச்சிடுச்சு.

கெலமங்கலம்_டூல்ரூம்

பாதிகளை ஒட்டுவதற்கு முன்னே இறக்கையையும் வால் பகுதியையும் டேப்பால் சேர்த்து, மெயின் சக்கரம் வரும் இடத்தில் பென்சிலைக் குறுக்கே வைத்து நிறுத்திப் பாருங்க. வால் பக்கம் சாய்ந்தால் எடை வேணும். ரெசின் டப்பே கிட்டின் டப்பைவிடக் கனம் என்பதால் தேவை குறையும். இடம் மூக்குக் கூம்புக்குள் இருக்கு, சக்கரத்திலிருந்து தூரம் என்பதால் கொஞ்சம் எடையே போதும். ஒகேனக்கல், கே.ஆர்.பி. அணைப் பக்கம் தூண்டில் கடையில் விற்கும் சின்ன ஈயக்குண்டைச் சுத்தியால் தட்டி நசுக்கிக் கூம்புக்குள் எபாக்ஸியில் புதைச்சிடுங்க. ஃபெவிகாலில் புதைக்காதீங்க. அதன் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும், தூள் வீங்கி ஒரு சில வருஷத்தில் கூம்பையே பிளந்துடும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.